உல்லாசபுரிக் கப்பல்

காஞ்சிபுரம்
25-1-1998

என் தங்கச்சி அம்சாவுக்கு அண்ணன் தாவீது எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான், உன் அண்ணி பட்டம்மாள், மகள் திரிஷா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை கிறிஸ்டோபரும் அங்கே கிருஷ்ணகிரியில் அப்படியே இருக்க ஜெபம் செய்கிறோம்.

பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை என்று அண்ணிக்கு வருத்தம். நான்தான் சமாதானம் சொன்னேன். பண்டிகை நாளில் ஊரே உல்லாசபுரி பார்க்குக்கு வரும்போது பார்க்கில் வேலை செய்கிறவன் எங்கே போவது? எனக்கும் காணும் பொங்கல் சோறு டோரா டோரா ராட்டினத்தின் பக்கத்தில்தான்.

போன வாரம் முதலாளி பஞ்சாட்சரம் கார் வைத்துக்கொண்டு இரண்டு ஆட்களோடு வந்தார். டேப் பிடித்து ஏனாத்தூர் ரோட்டிலிருந்து பின்பக்கச் சுவர் வரை அளந்தார்கள். ஜெயன்ட் வீலை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு மேனேஜர் முனிரத்தினத்திடம் கேட்டேன். மூன்று பார்க்குக்கும் அவர்தானே மேனேஜர், அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"மூணு பார்க்கும் சேர்ந்து முழுகிக்கினு இருக்குதுபா. ஒண்ணை வெச்சிக்கினு ரெண்டைத் தள்ளிட்டாதான் பேங்க்காரன் விடுவான்" என்றார்.

எதை வைத்துக்கொள்வார்கள் என்று இங்கே டிக்கெட் கவுன்டரிலிருந்து கேன்டீன் வரை பேச்சு. திண்டிவனத்துப் பார்க் சின்னது. எங்களுடையது பழசு. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். அமாவாசைக்குத் தறி நிற்கும், அன்றைக்கு நெசவுக்காரர் வீட்டுக் கூட்டம் வரும். மற்ற நாளில் ஏனாத்தூர் காலேஜ் பசங்கள் மட்டும்தான். மாப்பிள்ளை வேலை செய்கிற கிருஷ்ணகிரிப் பார்க்குக்கோ பெங்களூர்க் கார்கள் வரிசையாக வருகின்றன, ஊஞ்சல் மாதிரி ஆடுகிற கொலம்பஸ் கப்பலும் உங்களிடம்தான் இருக்கிறது. உங்களுடையதைத்தான் வைத்துக்கொள்வார்கள். அது எனக்குச் சந்தோஷம். இங்கே மூடினால் அங்கே எனக்கு ஒரு வேலை போட்டுத் தர முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஸ்தோத்திரம். திரிஷா அத்தைக்கு முத்தம் தரச் சொன்னாள்.

உன் அண்ணன்,
தாவீது

கிருஷ்ணகிரி
8-2-1998

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அம்சா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நாங்கள் நல்ல சுகம். அவருக்கு மட்டும் இந்த ஊர்ப் பனி ஒத்துக்கொள்ளாமல் இருமல். திரிஷா குட்டிக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "மச்சான் எதுக்குக் கவலைப்படறாரு? நம்ம ரூம்லயே இடம் இருக்குது. வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து கப்பல ஓட்டிக்கினு இருக்கலாம்" என்றார். நீ வருவதென்றால் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். நான் கையைக் காலை ஆட்டியே காலம் தள்ளுகிறேன்.

இங்கேயும் முதலாளி வந்தார். இங்கே அளக்கவில்லை. கப்பல் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதனால் எங்களுக்குப் பயமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவர் மட்டும் நம்பவில்லை. கப்பலுக்கு ரிப்பேர் ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், விற்கப் போகிற காலத்தில் செலவு எதற்கு என்கிறார்களாம். வைத்துக்கொள்ளப் போகிற பார்க்குக்கே செலவு செய்யாவிட்டால் எப்படி அண்ணா?

காஞ்சிபுரத்தை விற்றாலும் நீ கலங்காதே. நாங்கள் இருக்கிறோம்.

பாசமுள்ள தங்கை,
அம்சா

காஞ்சிபுரம்
5-4-1998

அம்சாவுக்கு அண்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை அறியத்தான் இந்தக் கடிதம். மார்ச்சில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தபால்காரர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டம்மாள்தான், "அவ பதில் போடாத ஆளா? உடம்புக்கு இன்னாவோ, ஏதோ" என்று கேட்டு என்னைப் போன் போட அனுப்பினாள்.

பார்க் ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டேன். யாரோ எடுத்து, "கிறிஸ்டோபர் டூட்டில இருக்கான், பேச முடியாது" என்று வைத்துவிட்டார்கள்.

இங்கே காற்று மாறி அடிக்கிறது. முனிரத்தினம் போன மாதம் பாதி நாள் கிருஷ்ணகிரியில்தான் இருந்தார். திரும்பி வந்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிருஷ்ணகிரியில் கூட்டமே இல்லை, பள்ளிக்கூடங்கள் வருவதை நிறுத்திவிட்டன என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள். ஏன் நிறுத்தின? யாரோ ஒரு பெண் விழுந்துவிட்டதாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். முனிரத்தினத்தைக் கேட்டதற்கு, "படிக்கட்டுல வழுக்கிச்சு. எந்தப் பார்க்ல வழுக்கல?" என்றார்.

மாப்பிள்ளை இருமல் எப்படி இருக்கிறது? இரண்டு வரியாவது எழுது.

தாவீது

கிருஷ்ணகிரி
26-4-1998

அண்ணனுக்கும் அண்ணிக்கும் அம்சா எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதம் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வீட்டு வேலை சரியாக இருந்தது. இருமல் போய்விட்டது. அவரை இப்போது கப்பலில் போடவில்லை, கேட்டில் நிற்கிறார். வெயில் அதிகம். வேறு விசேஷம் இல்லை.

இனி பார்க் விலாசத்துக்கு எழுதாதே. கீழே வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன். ஆபீசுக்குப் போனும் செய்ய வேண்டாம்.

திரிஷாவுக்குப் பரீட்சை முடிந்ததா? மாம்பழம் வந்ததும் பஸ்ஸில் ஒரு கூடை போட்டு அனுப்புகிறேன்.

அம்சா

காஞ்சிபுரம்
14-6-1998

என் அம்சாவுக்கும் மாப்பிள்ளைக்கும் தாவீது எழுதுவது. நாங்கள் நலம். மாம்பழம் வந்து சேர்ந்தது. திரிஷா கொட்டையைக்கூட விடவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். கருட சேவைக் கூட்டம் கலைந்த மறுநாள் முதலாளி வந்து எங்கள் எல்லோரையும் ஜெயன்ட் வீல் நிழலில் நிற்க வைத்துப் பேசினார். காஞ்சிபுரத்தை வைத்துக்கொள்ளப் போகிறாராம். கிருஷ்ணகிரியும் திண்டிவனமும் விற்பனைக்கு. கிருஷ்ணகிரி இடத்தைப் பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டல் கட்டக் கேட்டிருக்கிறாராம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் அம்சா. தட்டிய பிறகுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. எனக்கு வைத்த சோறு உன் தட்டிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். பட்டம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப அம்சா?" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாளே முனிரத்தினத்திடம் போனேன். "சார், என் தங்கச்சி வீட்டுக்காரர இங்க எடுத்துக்கங்க. என் சம்பளத்துல பாதிய வேணா அவருக்குக் குடுங்க" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது எப்பவோ பேசி முடிச்சாச்சேபா. உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. எப்போது பேசி முடித்தார்கள்? பார்க்கை விற்பதென்று முடிவாகும் முன்பே மாப்பிள்ளைக்கு மட்டும் இங்கே வேலை என்று எப்படி முடிவானது? நல்ல செய்திதான், ஆனால் அதை நீ எனக்கு எழுதவில்லையே.

அண்ணன்,
தாவீது

கிருஷ்ணகிரி
2-7-1998

அண்ணாவுக்கு அம்சா. இங்கே சுகம். அங்கேயும் சுகமாக இருங்கள்.

உன் பார்க்கை வைத்துக்கொண்டது எனக்குச் சந்தோஷம்தான். என் தட்டு, உன் தட்டு என்று எழுதாதே. அப்படி நினைத்து நீ ஒரு கவளம் குறைவாகச் சாப்பிட்டால் நான் செய்ததெல்லாம் வீண்.

இவருக்கு அங்கே வேலை தருவதாகச் சொல்லியிருப்பது உண்மை. எப்போது, எப்படி என்று யாரிடமும் கேட்காதே. முனிரத்தினத்திடம் கேட்கவே கேட்காதே. இங்கே மூடியதும் வந்துவிடுவோம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

எங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி அண்ணியிடம் சொல். இவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதை விட்டுவிட்டார். நான் மட்டும் போய் வருகிறேன்.

அம்சா

காஞ்சிபுரம்
12-8-1998

தங்கச்சி அம்சாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஸ்தோத்திரம். எங்களுக்குச் சுகம், திரிஷாவுக்குக் காலே தரையில் பாவவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் கப்பல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது! மூன்று லாரியில் வந்தது. தூணும் இரும்பும் தனித்தனியாக இறங்கியபோது எலும்புக்கூடு மாதிரி இருந்தது. இப்போது நிறுத்திவிட்டார்கள். பழைய நீலத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்து, மூக்கில் அன்னப்பறவைத் தலை வைத்திருக்கிறார்கள். பட்டுப் பாவாடைக் கரை மாதிரி சுற்றிலும் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டை. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தெரிகிறது. வைத்துக்கொண்ட ஒரே பார்க் என்பதால் கிருஷ்ணகிரியில் நல்லதாக இருந்ததெல்லாம் இங்கே வருகிறதாம்.

ஓட்டப் போவது நான்தான். ஆவணி அமாவாசையன்று திறக்கிறார்கள். அன்றைக்குத் தறி ஓடாது, நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் டிக்கெட் இல்லை. முதல் ஆட்டத்தில் பார்க் ஊழியர்களின் பிள்ளைகளை உட்கார வைத்து போட்டோ பிடிக்கப் போகிறார்கள். திரிஷாவுக்கு முன்வரிசை. அன்னத்தின் கழுத்துக்குப் பக்கத்தில். பட்டம்மாள் புதுச் சட்டை தைத்துவிட்டாள். முதலாளி தன் பேரப்பிள்ளையோடு சென்னையிலிருந்து வருகிறார்.

மாப்பிள்ளை ஓட்டிய கப்பலை நான் ஓட்டப் போகிறேன். அவர் அருகில் நின்று கை காட்டினால் எனக்குத் தைரியமாக இருக்கும். நீங்கள் இருவரும் அதற்கு முன்பே வந்துவிடுங்கள். வரும்போது அதை எப்படி நிறுத்துவது, பிரேக் எங்கே இழுக்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு வை.

வழி பார்த்திருக்கும் அண்ணன்,
தாவீது

கிருஷ்ணகிரி
19-8-1998

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது கை வரவில்லை. உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தந்தி உனக்கு முதலில் கிடைக்க வேண்டும். கப்பலை ஓட்டாதே. திரிஷாவை ஏற்றாதே. எந்தப் பிள்ளையையும் ஏற்றாதே.

பிப்ரவரி கடைசியில் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். இவர் வரிசையாகத் தடுப்புக் கம்பியை இறக்கி, ஒவ்வொன்றாகப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினார். கப்பல் உச்சிக்குப் போனபோது கடைசி வரிசைக் கம்பி தானாகத் திறந்துகொண்டது. ஓரத்தில் இருந்த பெண் வெளியே போய் விழுந்தாள். தையல்நாயகி என்று பெயர். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. இடுப்பிலும் காலிலும் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்றைக்குச் சாயந்திரமே முனிரத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"பூட்ட மறந்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுபா. மனுசன் மறக்கறது சகஜம். அபராதம் கட்டி முடிச்சிடலாம்" என்றார்.

"நான் பூட்டினேன் சார். பூட்டு தேஞ்சிபோயிருக்குதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?" என்றார் இவர்.

"மெஷின் மேல தப்புன்னா மூணு பார்க்கையும் சீல் வெச்சிடுவான். உங்க மச்சான் காஞ்சிபுரத்துல இன்னா பண்ணுவாரு? அவர் வீட்ல ஒரு பொட்டப்புள்ள இருக்குது இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை.

நான்தான் அண்ணா, போட்டுவிடுங்கள் என்றேன். இவர் இரண்டு நாள் கழித்துப் போட்டார். கிருஷ்ணகிரி இனித் தேறாது, காஞ்சிபுரத்தில் வேலை தருகிறேன் என்று முனிரத்தினம் அப்போதுதான் இவரிடம் சொன்னார். போலீசிலும் அப்படியே சொன்னார். அந்தப் பெண்ணின் தாய் கேட் முன்னால் நின்று, எல்லோரும் பார்க்க, "உனக்குப் பிள்ளையே பிறக்காது" என்று மண்ணை வாரித் தூற்றினாள். இவர் குனிந்து நின்றார். அதிலிருந்து சபைக்கு வரவில்லை.

கப்பலைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவோம் என்று முனிரத்தினம் சத்தியம் பண்ணினார். அதை நம்பித்தான் வாயை மூடியிருந்தேன். வெள்ளையடித்து உன்னிடம் அனுப்புவார்கள் என்று தெரிந்திருந்தால் நடந்தே வந்திருப்பேன்.

தந்தி கிடைத்ததா? கிடைத்ததா?

அம்சா

காஞ்சிபுரம்
30-8-1998

அம்சாவுக்கு,

திரிஷா நன்றாக இருக்கிறாள். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

தந்தி எங்கோ தங்கி, அமாவாசையன்று காலையில்தான் வந்தது. பட்டம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்குக்கே ஓடி வந்தாள். அதற்குள் வாசலில் தோரணம், மைக் செட், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வேலி நெடுகவும். திரிஷா புதுச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியாது. நீ விளையாட்டுக்குத் தந்தி அடிக்கிறவள் இல்லை என்பது மட்டும் தெரியும். பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். திரிஷா அழுதாள்.

முனிரத்தினம் ஓடி வந்தார். "இன்னாபா பண்ற? போட்டோக்காரன் நின்னுகினு இருக்கான்!"

"இந்தக் கப்பல்ல அங்க இன்னா சார் நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல. உன் மாப்ள பூட்ட மறந்துட்டான். புள்ள கீழ வுழுந்துச்சு. அவ்ளோதான்."

அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன் அம்சா. ஊர்க்காரர்களுக்கு நடுவில், அந்த ஆளின் வாயிலிருந்து.

மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால்கூட வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற மனுஷன். அவர் மறந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நேரே முதலாளியிடம் போனேன். அவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு வயசுப் பையன், அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நான் ஓட்டறேன். முதல்ல உங்க பேரப்புள்ளைய ஏத்துங்க. நானே கம்பிய பூட்டறேன்" என்றேன்.

ஒன்றும் தெரியாத மனுஷன் என்றால் தூக்கி உட்கார வைத்திருப்பார். இல்லையென்றால் என்னைத் திட்டியிருப்பார். அவர் இரண்டும் செய்யவில்லை. கப்பலைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். "தாத்தா, நான் ஏறட்டா?" என்று அவன் கேட்டான். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்ற தாய்மார் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவரவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து பார்க்குக்கு ஆள் வரவில்லை. இப்போது காஞ்சிபுரத்தையும் விற்கிறார்களாம். ஒரு காலேஜ்காரர் கட்டடம் கட்டக் கேட்கிறார். திண்டிவனத்தை மட்டும் வைத்துக்கொள்வதாக முடிவு. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. இங்கே டிக்கெட் கிழித்த பெண்களெல்லாம் குழாயடியில் பட்டம்மாளைப் பிடித்து, "உன் புருசனாலதான் எங்க வயித்துல மண்ணு" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

வேலை போனதற்கு எனக்குக் கோபமில்லை. காரணம் தெரியாமலே உன் ஒரு வார்த்தைக்காக முதலாளி முன்னால் போய் நின்றேன். நீ என்னை அவ்வளவு நம்பவில்லையே என்றுதான் ஆத்திரம். இவனுக்குத் தெரிந்தால் வேலையா நியாயமா என்று தடுமாறிப் போவான் என்று நினைத்தாயா? என் வேலைக்காக மாப்பிள்ளையைத் தலைகுனிய வைத்தாய். எல்லோரும் சுகம், சுகம் என்று எனக்கு எழுதிக்கொண்டே இருந்தாய். அந்தக் கடிதங்களை எடுத்துப் படிக்கவே எனக்குக் கூசுகிறது.

பட்டம்மாள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தாவீது

கிருஷ்ணகிரி
27-9-1998

அண்ணாவுக்கும் அண்ணிக்கும் அம்சா எழுதுவது. நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. இவர் தூங்குவதில்லை. வேலை இல்லை. இதுதான் எங்கள் நிலவரம்.

உன்னை நம்பாமல் இல்லை அண்ணா. உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. நீ செய்ததையே செய்திருப்பாய்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் சட்டை போட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போலாம், வா" என்றார்.

காவேரிப்பட்டினத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனோம். தாய்க்காரி எங்களைக் கண்டதும் கத்தப் போனாள். உள்ளேயிருந்து தையல்நாயகி கம்பு ஊன்றிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இவரைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறியது, ஆனால் அது கோபமில்லை.

இவர் நின்றபடியே, "நான் பூட்டினேம்மா. மறந்துட்டேன்னு பொய் சொன்னேன்" என்றார்.

அவள் சொன்னாள்: "பூட்டினீங்கண்ணா. நான்தான் இழுத்து இழுத்துப் பாத்தேனே. போலீஸ்காரருகிட்ட சொன்னேன், டீச்சருகிட்ட சொன்னேன், எங்க அம்மாகிட்டயே சொன்னேன். யாருமே நம்பல. அந்த ஆளே மறந்துட்டேன்னு சொல்றான், நீ கம்பிய தூக்கி விளையாடினியான்னு என்னையே கேட்டாங்க. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

விழுந்ததும் இல்லாமல் பொய்க்காரி என்ற பெயரும் அந்தப் பிள்ளைக்கு எங்களால் வந்திருக்கிறது. ஏழு மாதமாக. இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நான் உனக்காக என்று நினைத்துச் செய்ததன் மறுபக்கத்தில் இந்தப் பெண் இருந்திருக்கிறாள்.

தாய்க்காரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதைக் கோர்ட்ல சொல்லுவியா?" என்று இவரைக் கேட்டாள். "சொல்றேன்" என்றார்.

வழக்கு நவம்பரில் வருகிறது. தப்பை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களாம். இப்போது மாற்றிச் சொன்னால், முன்பு ஏன் பொய் சொன்னாய் என்று இவரையே பிடிப்பார்கள் என்று வக்கீல் பயமுறுத்துகிறார். இவர் சொல்லத்தான் போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆராதனைக்கு வந்தார். பின்வரிசையில்தான் உட்கார்ந்தார்.

உனக்கு என் மேல் இருக்கும் கோபம் இருக்கட்டும். அவர் மேல் வேண்டாம்.

அம்சா

காஞ்சிபுரம்
21-10-1998

தங்கச்சி அம்சாவுக்கு அண்ணன் தாவீது எழுதுவது. திரிஷாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இன்றைக்குத் தேவலை. பட்டம்மாள் ஒரு சாயப்பட்டறையில் நூல் உலர்த்தப் போகிறாள், கையெல்லாம் சிவப்பு. நான் ஏனாத்தூரில் ஒரு ஹாஸ்டலுக்கு மோட்டார் போடவும் லைட் மாட்டவும் போகிறேன். இன்னும் நிரந்தரமில்லை.

முந்தாநாள் முனிரத்தினம் வீட்டுக்கு வந்தார். கையில் பழம், பிஸ்கட். காய்ச்சலில் படுத்திருந்த திரிஷாவின் தலையைத் தடவினார்.

"திண்டிவனத்துல உனக்கு சூப்பர்வைசர் வேலை. உன் மாப்ளைக்கும் அங்கயே. வீடும் நாங்களே பாத்துத் தர்றோம். அவன் முன்னாடி சொன்னதையே கோர்ட்ல சொன்னாப் போதும். உன் தங்கச்சிக்கு ஒரு கடுதாசி போடுபா, நீ சொன்னாக் கேப்பாங்க" என்றார். "மெஷின் தப்புன்னு கோர்ட்ல ஆயிட்டா திண்டிவனமும் போயிடும். அங்க வேலை செய்யற ஜனம் இன்னா பண்ணும், யோசிச்சிப் பாரு."

யோசித்தேன் அம்சா. உண்மையாகவே யோசித்தேன். அங்கேயும் டிக்கெட் கிழிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் குழாயடி இருக்கிறது. முனிரத்தினம் வந்து உன் முன்னால் உட்கார்ந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆள் தப்பான வார்த்தை ஒன்றுகூடப் பேசுவதில்லை. நம்முடைய பிள்ளையைத்தான் எடுத்து நம் முன்னால் வைக்கிறார். ஆகஸ்டில் உனக்கு எழுதியதில் பாதியை நான் எழுதியிருக்கக் கூடாது.

நான் வாய் திறக்கும் முன்பே பட்டம்மாள் பழத்தையும் பிஸ்கட்டையும் எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எங்க புள்ளைக்குக் காய்ச்சல் சார். வெளி சாப்பாடு ஒத்துக்காது" என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

கடிதம் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். அவர் சொன்னதையெல்லாம் மாப்பிள்ளைக்கு அப்படியே படித்துக் காட்டு. மறைக்காதே. அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு கூண்டில் ஏறட்டும்.

நவம்பரில் எந்தத் தேதி என்று தெரிந்ததும் எழுது. நானும் பட்டம்மாளும் வருகிறோம். முதலில் காவேரிப்பட்டினம் போய், தையல்நாயகியையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை பஸ் படி ஏற முடியாவிட்டால் நான் தூக்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை பேசும்போது அவள் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உன் அண்ணன்,
தாவீது